பழைய வீட்டுக் காமிரா உள்ளைப் படுக்கையறை ஆக்கப்போய்... ஒரு சுவர் மட்டும் காயவே மாட்டேன் என்கிறது

#1 கொள்ளிடக்கரை

வணக்கம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் முடியும் என்று ஆரம்பித்த வேலை. இன்றைக்கு எழுபத்தைந்தாவது நாள்.

ஊர் கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடத்தை ஒட்டி. தாத்தா 1938இல் கட்டிய வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுச்சுவர். படுக்கையறை என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாரும் கூடத்தில் பாய் விரித்தவர்கள்தான். கூடத்தை ஒட்டி காமிரா உள் என்கிற சின்ன உள்ளறை இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஒரே ஒரு சின்ன ஜன்னல், ஒன்றரை அடிச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பு வைத்து அடுக்கிய தளம்).

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, இனி பாயில் படுத்து எழ முடியாது. என்னோடு பெங்களூர் வரவும் மாட்டேன் என்கிறார். சரி, காமிரா உள்ளையே ஒழுங்காக ஒரு படுக்கையறை ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். பூச்சு, டைல்ஸ், ஒரு அலமாரி, ஒரு டன் ஏசி. ஒப்பந்தக்காரர் சொன்னது மூன்று லட்சம், இருபது நாள்.

முதல் நாள் கீழ்ப்பூச்சைத் தட்டினார்கள். மூன்றடி உயரத்துக்கு அப்பளம் மாதிரி பாளம் பாளமாக விழுந்தது. 2009இல் அப்பா சிமெண்ட் பூச்சு பூசியிருந்தார், அதற்கு மேல் சுவரைச் சமமாக்கும் பட்டி, அதற்கு மேல் எமல்ஷன். எல்லாவற்றையும் எடுத்தால் உள்ளே செங்கல் ஈரமாக இருந்தது. சுண்ணாம்புச் சாந்தை விரலால் நோண்டி எடுக்கலாம்.

மூன்றாம் நாள் கதவு நிலைக்கு மேலே இருந்த மரக்கட்டையை உளியால் தட்டிப் பார்த்தார்கள். உளி பாதி உள்ளே போய்விட்டது. வெளியே வர்ணம் பளபளவென்று இருக்கிறது, உள்ளே கரையான் தின்று வெறும் கூடு. அதன் மேல்தான் சுவர் நிற்கிறது. சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, கட்டையை எடுத்து, கான்கிரீட் லிண்டல் போட்டோம். பன்னிரண்டு நாள்.

அப்புறம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல்தளத்தில் ஓட்டை போட்டான் ஒரு பையன். இரண்டு செங்கல் பொத்தென்று கட்டில் போடவேண்டிய இடத்தில் விழுந்தது. நல்லவேளை, அவன் மேல் விழவில்லை. மேலே வானம் தெரியவில்லை, ஆனால் எல்லார் முகமும் வெளுத்துவிட்டது. ஃபால்ஸ் சீலிங் யோசனை அன்றோடு முடிந்தது.

நாற்பதாம் நாள் ஒப்பந்தக்காரர் "இந்த வீட்டுல ஒன்னைத் தொட்டா ஒன்பது வருது மேடம்" என்று கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. எனக்கே ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது.

இப்போது கேள்வி. பூச்சை எடுத்துவிட்டு மின்விசிறி வைத்து ஒன்றரை மாதமாகக் காயவைக்கிறோம். மூன்று சுவர் காய்ந்துவிட்டது. அடுக்களைப் பக்கச் சுவரில் மூலையை ஒட்டி ஐந்தடி அகலம், நாலடி உயரத்துக்கு மட்டும் ஈரம் போகவில்லை. அதிலும் வேடிக்கை, சில நாள் காய்ந்த மாதிரி இருக்கிறது, சில நாள் வேர்த்து ஊற்றுகிறது. சுவரில் ஊசி போட்டு ரசாயனம் ஏற்றி, வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூசி, நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

#2 கோவைக்காரன்

இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டுங்க சார். 85 வருசக் கட்டடத்துக்கு வைத்தியம் பார்க்கறது காசுக்குக் கேடு. புது அறை கட்டினா இதே காசுல முடிஞ்சிருக்கும்.

#3 கொள்ளிடக்கரை

சார் இல்லை, மேடம் :) 

இடிக்கலாம்தான். ஆனால் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். எங்கள் வீட்டை இடித்தால் பக்கத்து வீட்டு உத்தரம் எதன் மேல் உட்காரும்? அந்தத் தெருவில் ஒரு வீட்டை இடித்துவிட்டு, இரண்டு பக்கத்துக்காரர்களோடும் ஏழு வருடமாக வழக்கு நடத்துகிறவர் இருக்கிறார்.

#4 மயிலை மாடி

உங்களுக்கு மரம், எனக்கு இரும்பு. மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டு மாடி அறை. ஏற்கெனவே யாரோ போட்டிருந்த ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தோம். மேலே கட்டைக்குப் பதில் இரும்பு கர்டர். 'டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து' என்று எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. பார்த்ததும் எல்லாருக்கும் பெருமை, செல்ஃபி எல்லாம் எடுத்தோம். சுவருக்குள் சொருகியிருந்த முனையைக் கொத்திப் பார்த்தபோதுதான் பெருமை போனது. நடுவில் கட்டியாக இருக்கும் இரும்பு, முனையில் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. இரும்பில் குறையில்லை. மாடித் தண்ணீர்க் குழாய் அந்த முனைக்கு நேர் மேலே இருபது வருடமாகக் கசிந்திருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் மறைத்ததால் யாருக்கும் தெரியவில்லை.

எனவே ஃபால்ஸ் சீலிங் போடாமல் போனது உங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். மெட்ராஸ் டெரஸுக்கு அது எப்போதுமே ஆகாது. மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, கட்டைகளுக்குக் குறுக்கே சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பால் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கவைத்திருப்பார்கள். அதில் டிரில் வைத்தால் என்ன ஆகும்? விசிறிக் கொக்கி மாட்டினாலும் தேக்குக் கட்டையில்தான் மாட்டவேண்டும்.

சுவர் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#5 பொதுப்பணி ஓய்வு

அம்மா, 31 வருடம் அரசுக் கட்டடங்களைப் பராமரித்தவன். அதில் பாதி, சுண்ணாம்புச் சுவர்கள். ஊசியும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எல்லாரும் 'ஓதம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அது நாலைந்து வெவ்வேறு வியாதிக்கு ஒரே பெயர்.

தரையிலிருந்து ஏறும் ஈரமானால், கிட்டத்தட்ட எல்லாச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும். அந்தக் காலச் சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது, அதனால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். உங்கள் அப்பா சிமெண்ட் பூசியதும் வெளியே போகும் வழி அடைபட்டு உள்ளேயே தேங்கியது. மூன்று சுவரில் நடந்தது அதுதான். பூச்சை எடுத்ததும் காய்ந்துவிட்டது, சரி. (உங்கள் அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. 2009இல் நானே அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.)

நாலாவது சுவர் வேறு ஜாதி. அதனால் சில கேள்விகள்:

அந்தச் சுவருக்குப் பின்னால் குழாய், சிங்க், குளியலறை ஏதாவது? பக்கத்து வீட்டுக் குளியலறை?

வேர்ப்பது மழை பெய்கிற நாளிலா, அல்லது மழை இல்லாவிட்டாலும் புழுக்கமான நாளிலா?

காய்ந்திருக்கும் ஒரு நாள் பார்த்து, இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை அந்த இடத்தில் நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வேர்க்கும்போது தாளுக்குக் கீழே எப்படி இருக்கிறது, சுற்றி எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த அறை முன்பு எதற்குப் பயன்பட்டது? வயதானவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

#6 நாஞ்சில் மச்சு

இடையில் ஒரு எச்சரிக்கை, வேறு யாரும் சொல்லக் காணோம். பழைய கதவு, ஜன்னலைத் தேய்த்தீர்களா?

எங்கள் வீடு நாகர்கோவில் பக்கம். அறைக்கு மேலே பலாமர மச்சு. அதில் நாலைந்து தலைமுறை எனாமல் பெயிண்ட். மரத்தின் நிறம் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டு, மெஷின் வைத்துத் தேய்த்தோம். பச்சைத் தூள் வீடெல்லாம். தங்கை குழந்தை அதே கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது. பிறகுதான் ஒரு மருத்துவர் சொன்னார், பழைய எனாமலில் ஈயம் இருக்கும் என்று. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியதில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று முடிவு வரும்வரை வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். தூளைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

#7 கொள்ளிடக்கரை

@நாஞ்சில் மச்சு: ஐயோ, நிலைக்கதவை எந்திரம் வைத்துத்தான் தேய்க்க இருந்தார்கள். நிறுத்திவிட்டேன். நன்றி.

@பொதுப்பணி ஓய்வு: ஐயா, விவரமாகச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமாவின் குளியலறை எதிர்ப்பக்கச் சுவரில்தான் இருக்கிறது, இந்தச் சுவரில் இல்லை. ஆனாலும் கேட்டுப் பார்த்தேன், "என் வீட்டுத் தண்ணியா உன் வீட்டுக்கு வருது?" என்று முகம் சிவந்துவிட்டது. அப்புறம் அவரே நாலு நாள் குழாயை மூடிவைத்தார். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது தெருவில் அவர் ஜெயித்த கதையும் நான் தோற்ற கதையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுக்களையில் அந்தச் சுவரை ஒட்டிக் குழாய் கிடையாது.

வேர்ப்பது புழுக்கமான நாளில். மழை பெய்யவேண்டும் என்றில்லை. போன வாரம் மேகமூட்டமாக இருந்து ஒரு சொட்டுகூட விழவில்லை, சுவர் மட்டும் நனைந்திருந்தது.

பாலிதீன் தாள் ஒட்டியிருக்கிறேன். பார்த்துச் சொல்கிறேன்.

#8 கானாடுகாத்தான் பேரன்

தாள் முடிவு தெரியும்வரை ஒன்றும் பூசாதீர்கள். எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் உள்ள வீடுகளில் நூறு வருடச் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. அதில் ஓர் இடத்தில் சிமெண்டால் ஒட்டுப் போட்டால், இரண்டே வருடத்தில் அந்த ஒட்டைச் சுற்றி நல்ல பூச்சும் சேர்ந்து உதிர்கிறது. நான் பார்த்த அளவில் சிமெண்ட் தோற்பதில்லை, பக்கத்தில் இருக்கிறவனைத் தோற்கடிக்கிறது.

#9 கோவைக்காரன்

1938ல சிமெண்டே இல்லையா என்ன? எல்லாம் சுண்ணாம்புதான்னு எப்படிச் சொல்றீங்க?

#10 பொதுப்பணி ஓய்வு

இருந்தது தம்பி. சென்னையிலேயே 1904இல் சிமெண்ட் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் கிராமத்தில் வீடு கட்டுகிறவருக்குச் சுண்ணாம்புக் காளவாய் பக்கத்திலேயே இருக்கும்போது சிமெண்ட் மூட்டை எதற்கு? சாந்தை விரலால் நோண்ட முடிகிறது என்று அந்த அம்மா எழுதியிருக்கிறாரே, அதிலேயே பதில் இருக்கிறது.

#11 கொள்ளிடக்கரை

ஐயா! விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நேற்று நல்ல புழுக்கம். சுவர் வேர்த்தது. தாளைப் பிரித்துப் பார்த்தேன். தாளுக்குக் கீழே காய்ந்து கிடக்கிறது! சுற்றி மட்டும் ஈரம். சதுரமாக, யாரோ அளந்து வரைந்த மாதிரி. ஈரம் சுவருக்குள்ளிருந்து வரவில்லை என்றால் காற்றிலிருந்துதானே வரவேண்டும்?

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அங்கதானேடி உப்புச் சால் இருந்தது, இத்தனாம் பெரிய பானை. உன் தாத்தா காலத்துல வேதாரண்யத்துலேருந்து வண்டியில உப்பு வரும். ஒரு வருஷத்துக்கு வாங்கிக் கொட்டிடுவா. ஊறுகாய்க்கு, வடாத்துக்கு, தென்னங்கன்னு குழிக்கு, எல்லாத்துக்கும் அதுலேருந்துதான். பக்கத்துல புளிப்பானை."

"இத்தனை நாள் ஏம்மா சொல்லலை?"

"நீ எங்கே கேட்டே?"

#12 மயிலை மாடி

எழுந்து நின்று கைதட்டுகிறேன். எழுபத்தைந்து நாள், மூன்று லட்சம், ஒரு ஒப்பந்தக்காரர், பக்கத்து வீட்டு மாமாவோடு சண்டை. பதில் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

#13 பொதுப்பணி ஓய்வு

அதுதான் அம்மா. நான் சந்தேகப்பட்டது உரமா உப்பா என்றுதான். பழைய உர கிடங்குகளிலும், மாட்டுக் கொட்டிலை அறையாக மாற்றிய இடங்களிலும் இதே கதை பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். சாலில் உப்பு வருடக்கணக்கில் கசிந்து தரையிலும் சுவரிலும் இறங்கியிருக்கிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து தண்ணீராகும். குறைந்தால் மறுபடி படிகமாகும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் சுவர் இப்போது ஒரு உப்பு ஜாடி. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் காற்று 75க்குக் கீழே இறங்குவதே அபூர்வம்.

இதற்கு ஊசி போட்டு என்ன பயன்? ஊசி, கீழிருந்து ஏறும் தண்ணீரைத் தடுக்கத்தான். இங்கே தண்ணீர் ஏறவே இல்லை. டைல்ஸ் ஒட்டினால் உப்பு ஐந்தாவது அடியில் போய்ப் பூக்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உப்பு கரைந்தே கிடந்தால் சுவருக்குப் பெரிய சேதமில்லை. படிகமாகும்போதுதான் பூச்சின் துளைக்குள் வளர்ந்து, தள்ளி உடைக்கிறது. நீங்கள் ஏசி போடப்போகிறீர்கள். ஏசி காற்றை உலர்த்தும். இரவு முழுக்க ஓடும்போது படிகமாகும், பகலில் அணைத்து ஜன்னலைத் திறந்தால் கரையும். தினம் ஒரு தடவை சுவரை உள்ளிருந்து இடிக்கிற வேலை. இதுவரை உங்கள் வீட்டில் வருடத்துக்குச் சில தடவை நடந்தது இனி தினமும் நடக்கும். ஆகவே ஏசி மாட்டும் முன் உப்பை முடிந்த அளவு வெளியே எடுத்தாகவேண்டும்.

#14 கொள்ளிடக்கரை

எடுக்க முடியுமா ஐயா?

#15 பொதுப்பணி ஓய்வு

முழுசாக முடியாது. பெருமளவு முடியும். முதலில் சுவரைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழுகிற உப்பை அள்ளி வெளியே கொட்டுங்கள். கொல்லைத் தென்னைக்குப் போடுங்கள், பழைய கணக்கு நேராகும். சுவரைக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து இன்னும் ஆழத்துக்குப் போகும்.

அப்புறம் பழைய செய்தித்தாளைக் கிழித்து நல்ல தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கி, சுவரில் ஒரு அங்குலம் கனத்துக்கு அப்புங்கள். கூழின் ஈரம் உப்பைக் கரைக்கும். காயும்போது தண்ணீர் வெளிப்பக்கம் வரும், உப்பும் கூடவே வந்து தாளில் தங்கும். நன்றாகக் காய்ந்ததும் உரித்துத் தூரப் போடுங்கள். மூன்று நாலு தடவை. உங்கள் ஊர்த் தண்ணீர் உப்புத் தண்ணீராக இருந்தால் இதில் ஊற்றாதீர்கள், குடிக்கிற தண்ணீர் வேண்டும்.

அதற்கு மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு. இது பலிகொடுக்கிற பூச்சு. மிச்ச உப்பு இதில் ஏறட்டும். ஓரிரு வருடத்தில் உதிர்ந்தால் உதிரட்டும். தட்டிவிட்டு மறுபடி பூசலாம், செங்கல் பிழைத்துக்கொள்ளும். மேலே வெள்ளை மட்டும் அடியுங்கள். பட்டி, எமல்ஷன் எதுவும் கூடாது.

#16 கோவைக்காரன்

உதிர்றதுக்குன்னே ஒரு பூச்சு! நல்லா இருக்குதுங்க. ஆனா கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க: சுவத்துக்கு முன்னாடி ரெண்டு அங்குலம் விட்டு ஜிப்சம் பலகை அடிச்சு மறைச்சா ஒரே நாள் வேலைதானே?

#17 மயிலை மாடி

#4ஐ மறுபடி படியுங்கள் ஐயா. மறைத்துத்தான் எங்கள் வீட்டு கர்டர் போனது.

#18 கொள்ளிடக்கரை

இன்று நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஏசிக்காக எலக்ட்ரீஷியன் வந்தார். பழைய வயரிங் மரச் சட்டத்தின் மேல் போனது. பிரித்தால் ரப்பர் உறை பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது. வீட்டில் எர்த் என்பதே இல்லையாம். அப்பா மூன்று முனை பிளக் எல்லாம் மாட்டியிருந்தார், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை! இத்தனை வருடம் ஃபிரிட்ஜ் அதில்தான் ஓடியது.

சரி, எர்த் குழி தோண்டலாம் என்று ஆள் வைத்து, கடப்பாரையோடு கிளம்பினார். பின்னாலேயே ஒரு சாக்கு கரி, ஒரு சாக்கு உப்பு. எங்கே தோண்டுகிறீர்கள் என்று போய்ப் பார்த்தால், முற்றத்தில், அதே மூலைக்கு நேர் பின்னால், சுவரை ஒட்டி. "இங்கதான் மேடம் மண்ணு ஈரமா இருக்கு, எர்த் நல்லா கிடைக்கும்."

நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு மாமா வந்துவிட்டார்.

#19 கரண்டுக்கடை

எலக்ட்ரீஷியன் சொன்னதில் பாதி சரி. ஈர மண்ணில் எர்த் நன்றாக இருக்கும். ஆனால் சுவரிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளித்தான் தோண்டவேண்டும், உப்புச் சுவர் இல்லாத வீட்டிலும் அதுதான் முறை. உங்களுக்குக் கொல்லையில், கிணற்றடிப் பக்கம் நல்லது. உப்பு, கரிக்குப் பதில் பென்டோனைட் என்கிற களிமண் கலந்த பவுடர் மூட்டை கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூட, ஆனால் உப்பு கரைந்து போய் வருடா வருடம் தண்ணீர் ஊற்றவேண்டிய தொல்லை இல்லை.

ஏசிக்குத் தனி லைன், 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி. போர்டில் மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி கண்டிப்பாக. ஈரச் சுவர் உள்ள அறை, வயதான அம்மா. இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த ஈரமான இடத்தில் சுவிட்ச் பெட்டி எதையும் பதிக்காதீர்கள், உப்புக் காற்றில் முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். சுமை கூடுவதை மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

#20 கானாடுகாத்தான் பேரன்

சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைத்தாரா? அதுதான் அடுத்த தலைவலி. சிமெண்ட் பழகிய கொத்தனாரை விட்டால் "கொஞ்சமா சிமெண்ட் போட்டுக்கறேங்க, பிடிப்புக்கு" என்பார். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள்.

#21 கொள்ளிடக்கரை

(ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.)

ஆள் கிடைத்தார். கோயில் திருப்பணிகளில் வேலை செய்த பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும். வந்தார், மூலைக்குப் போனார், சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார். முடிந்தது. (பொதுப்பணி ஐயா, உங்கள் தாள் பரிசோதனை எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் இது வேகம்.)

கூழ் நாலு தடவை அப்பினோம். முதல் தடவை உரித்த தாள் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கை வைத்தால் கரகரவென்று இருந்தது. நாலாவது தடவை கிட்டத்தட்ட வெறும் தாள்தான். உப்புச் சால் நின்ற இடத்தில் தரையையும் ஓரடிக்குத் தோண்டி மண்ணை மாற்றினோம். உங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை, பெரியவர்தான் சொன்னார். "மேல எடுத்துட்டு கீழ விட்டா எப்படிம்மா?"

அப்புறம் சுண்ணாம்பு. அதில் சேர்க்கக் கடுக்காயைத் தட்டி, வெல்லத்தோடு கொல்லையில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் ஊறப்போட்டார். பத்து நாள். மூன்றாவது நாளே நுரைத்துக்கொண்டு வாடை கிளம்பியது. ஐந்தாவது நாள் அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வந்து, தயங்கித் தயங்கி, "கொல்லையில ஊறல் போட்டிருக்கீங்களாமே?" என்று விசாரித்தார். விசாரிக்க வந்தாரா வாங்க வந்தாரா என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா இரண்டு நாள் வாசல் பக்கமே போகவில்லை.

எறும்பைப் பற்றி எழுதவே வேண்டாம். வெல்லத் தண்ணீர் கலந்த பூச்சுக்கு ஊரிலுள்ள எறும்பெல்லாம் வரிசையில் வந்துவிட்டது. பூச்சு இறுகியதும் தானாகப் போய்விட்டது.

பூச்சு இரண்டு கைமுறை. ஒவ்வொரு முறையும் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, மெதுவாக உலரவிட்டு. பெரியவர் வேகமாக ஒன்றும் செய்யமாட்டார். சித்தாள் பெண் வேகமாகத் தேய்த்தால் மணியாஸ் கட்டையைப் பிடுங்கி அவரே தேய்ப்பார். இரண்டு வாரம் மழையே பெய்தது, சுவர் வேர்க்கவில்லை. ஒரு கைக்குட்டை அளவு இடம் மட்டும் லேசாக நிறம் மாறுகிறது. அது இருக்கட்டும் என்கிறார்.

செலவு ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். அதில் ரசமட்டம் பிடித்த அதிர்ச்சிக்கும் பங்கு உண்டு: ஆர்டர் கொடுத்துச் செய்த அலமாரி உள்ளே வந்தபோது மேல்முனையில் இரண்டரை அங்குல இடைவெளி. அறையில் ஒரு மூலைகூட நேர்மூலை இல்லை. அலமாரி நேராக நிற்கிறது, வீடு சாய்ந்திருக்கிறது.

#22 பொதுப்பணி ஓய்வு

அலமாரியை உப்புச் சுவரில் வைக்கவில்லையே?

#23 கொள்ளிடக்கரை

இல்லை ஐயா, எதிர்ச்சுவரில். பின்னால் மூன்று அங்குலம் விட்டிருக்கிறேன். உப்புச் சுவர் பக்கம் ஒன்றுமே இல்லை. அம்மா அங்கே ஒரு காலண்டர் மாட்டவேண்டும் என்றார். ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏசியை 27இல் வைத்து, பகலிலும் ஜன்னலைத் திறக்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

#24 பொதுப்பணி ஓய்வு

நல்லது. தை, மாசியில் காற்று உலர்ந்திருக்கும்போது பூச்சில் மாவு மாதிரி உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் பயப்படாதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள்.

#25 கோவைக்காரன்

மேடம், ஒரு சந்தேகம். எங்க தோட்டத்து வீட்டுலயும் ஒரு மூலை இப்படித்தான் வேர்க்குது. உர மூட்டை அடுக்கி வெச்சிருந்த இடம். இடிக்கறதுக்கு முன்னாடி நீங்க சொன்ன மாதிரி செஞ்சு பார்க்கலாம்னு இருக்கேன். சிரிக்காதீங்க. கடுக்காய் எங்கே வாங்கினீங்க? கொட்டையை எடுத்துட்டுப் போடணுமா? கடுக்காய்க்கு அகநஞ்சுன்னு சொல்லுவாங்களே.

#26 கொள்ளிடக்கரை

சிரிக்கவில்லை :) அகநஞ்சு எல்லாம் மருந்துக்கு. பெரியவர் கொட்டையோடுதான் தட்டிப் போட்டார். கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். வாங்கும்போது சுவருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் எட்டு கிலோ கேட்டேன். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கும்மா இவ்வளவு மலச்சிக்கல்?" என்றார்.